பி. ஸ்ரீநிவாஸ் (வனப்பணி அலுவலர்)

பி. ஸ்ரீநிவாஸ் (செப்டம்பர் 12, 1954 - நவம்பர் 10, 1991) கர்நாடக மாநிலத்தில் பணியாற்றிய இந்திய வனப்பணி அலுவலர் ஆவார். இவரது முழுப்பெயர் பந்தில்லபள்ளி ஸ்ரீநிவாஸ். சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பனைப் பிடிப்பதற்கென அமைக்கப்பட்ட சிறப்பு அதிரடிப்படையில் பணிபுரிந்த காலத்தில், வீரப்பன் சரணடைய விரும்புவதாக வந்த செய்தியை ஏற்று ஆயுதமின்றிக் காட்டுக்குள் சென்ற இவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். இறப்புக்குப் பின் இவருக்குக் கீர்த்தி சக்கர விருது வழங்கப்பட்டது. திரைப்படப் பின்னணிப் பாடகர் பி. பி. ஸ்ரீநிவாஸ் வேறு ஒருவர்.

வீரப்பனைப் பற்றித் தமிழில் நூல்களும் திரைப்படங்களும் தொடர்களும் ஏராளமாக வந்துள்ளன. அவரால் கொல்லப்பட்டவர்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஸ்ரீநிவாசும் பெரும்பாலும் வீரப்பனின் வரலாற்றில் ஓர் இயலாகவே அறியப்படுகிறார். அவர் இறந்த காடு சேலம் மாவட்டத்தின் வடமேற்கு எல்லைக்கு அருகில், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்கு மேற்புறத்து மலைகளில் உள்ளது. அவர் தம் பணிக்காலத்தின் இறுதிப் பகுதியைக் கழித்த ஊரான கோபிநத்தமும் தமிழ் பேசும் ஊரே.

இளமையும் பணியில் சேர்தலும்

ஸ்ரீநிவாஸ் ஆந்திரப் பிரதேசத்தில் கோதாவரிக் கரையிலுள்ள ராஜமுந்திரியில் பிறந்தார். 1979 ஆம் ஆண்டு இந்திய வனப்பணிக்குத் தேர்வு பெற்றுக் கர்நாடக மாநிலப் பிரிவில் சேர்ந்தார். இந்திய ஆட்சிப்பணி, இந்தியக் காவல் பணி ஆகியவற்றைப் போல வனப்பணியும் அனைத்திந்தியப் பணிகளுள் ஒன்று. இது விடுதலைக்குப் பின் 1966 இல் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. இப்பணிக்குத் தேர்வானவர்கள் டேராடூனில் பயிற்சி பெற்ற பின்னரே மாநிலங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கே கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் மர வளர்ப்பு, தாவரவியல், நில அளவை, வனச் சட்டம் போன்றவை. ஆயுதம் தாங்கிய கும்பல்களை எதிர்கொள்வது அன்றைய வன அலுவலரின் வேலையாக எவராலும் கருதப்படவில்லை. வனக் காவலர்கள் பலரிடம் கைத்தடிக்கு மேல் எதுவும் இருக்கவில்லை.

எல்லைக் காடும் சந்தன மரமும்

ஸ்ரீநிவாஸ் பணியாற்றிய நிலப்பரப்பின் அமைப்பை அறியாமல் அவருக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்வது கடினம். காவிரி ஆறு கர்நாடகத்திலிருந்து ஒகேனக்கல் வழியாக மேட்டூரை நோக்கி இறங்கும் இடத்தில், ஆற்றின் மேற்குக் கரையில் மாதேசுவரன் மலைத் தொடர் உள்ளது. இம்மலைகளின் ஒருபுறம் கர்நாடகத்தின் கொள்ளேகால் பகுதி. மறுபுறம் தமிழ்நாட்டின் சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்கள். பாலாறு என்னும் சிறு ஆறு எல்லையாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. இது வட மாவட்டங்களில் ஓடும் பாலாறு அன்று. கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போதுதான் அது மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. ஆகவே கோபிநத்தம் போன்ற ஊர்களின் மக்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே வேறு மாநிலத்தவர் ஆயினர். அவர்களின் மொழியும் உறவும் சந்தையும் மேட்டூர், கொளத்தூர் பக்கமே தொடர்ந்தன. காவல் துறைக்கும் வனத்துறைக்கும் மாநில எல்லை ஒரு சுவராக இருந்தது. கடத்தல்காரர்களுக்கு அது வெறும் ஓடை.

இக்காடுகளின் செல்வம் சந்தன மரம். சந்தனம் பிற மரங்களின் வேர்களிலிருந்து ஊட்டம் பெறும் அரை ஒட்டுண்ணித் தாவரம். மணமும் எண்ணெயும் அதன் வைரப் பகுதியிலும் வேரிலும்தான் உண்டு. அந்த வைரம் முற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் தேவை. திப்பு சுல்தான் 1792 இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்ததாகக் கூறப்படுகிறது. அதன் பின்வந்த ஆட்சிகளும் அதே வழியில் நடந்தன. சொந்த நிலத்தில் முளைத்த சந்தன மரமும் அரசின் சொத்தாகவே கருதப்பட்டது. கர்நாடகத்தில் 2001 இலும் தமிழ்நாட்டில் 2002 இலும் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே நில உரிமையாளருக்கு அதன்மேல் உரிமை கிடைத்தது. தன் வரப்பில் நின்றாலும் தனக்குப் பயன்படாத மரத்தைக் காப்பதில் உழவருக்கு அக்கறை இராது என்பதை விளக்க வேண்டியதில்லை. மலை ஊர்களில் வேலை என்று வேறு எதுவும் பெரிதாக இல்லாத நிலையில், மரம் வெட்டவும் சுமக்கவும் கூலி கொடுத்தவரே அங்கு முதலாளி ஆனார்.

கோபிநத்தத்தில் 1952 இல் பிறந்த வீரப்பன் முதலில் யானை வேட்டையிலும் பின்னர் சந்தனக் கடத்தலிலும் ஈடுபட்டார். ஆசிய யானைகளில் ஆண் யானைகளுக்கு மட்டுமே நீண்ட தந்தம் உண்டு என்பதால், தொடர்ந்த வேட்டையால் இக்காடுகளில் ஆண் யானைகளின் விகிதம் வெகுவாகக் குறைந்தது.

1986 கைதும் தப்பித்தலும்

ஸ்ரீநிவாஸ் சாமராசநகர் வனக்கோட்டத்தில் பணியாற்றியபோதுதான் வீரப்பனைப் பற்றிய தகவல்களை முறையாகத் திரட்டத் தொடங்கினார். 1986 இல் வீரப்பன் பிடிபட்டார். சாமராசநகர் அருகே காட்டிலுள்ள ஒரு வன விருந்தினர் மாளிகையில் வைத்து விசாரிக்கப்பட்டபோது காவலிலிருந்து தப்பிச் சென்றார். தலைவலிக்கென்று எண்ணெய் கேட்டு வாங்கி அதைக் கையில் தடவி விலங்கைக் கழற்றிவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கையூட்டுப் பெற்றுக்கொண்டு விடப்பட்டார் என்பது மற்றொன்று. எவ்வாறாயினும், வீரப்பன் அரசின் பிடியில் இருந்த கடைசித் தருணம் அதுவே. அதன் பின் அவர் 18 ஆண்டுகள் உயிருடன் எவரிடமும் சிக்கவில்லை.

தப்பிய பின் கொலைகள் பெருகின. 1987 இல் சத்தியமங்கலம் பகுதியில் சிதம்பரம் என்னும் தமிழ்நாட்டு வன அலுவலர் கடத்திக் கொல்லப்பட்டார். 1990 ஏப்ரலில் ஒகேனக்கல் அருகே கர்நாடகக் காவல் துறையினர் நால்வர் கொல்லப்பட்டனர். இதற்குப் பின்னரே கர்நாடக அரசு சிறப்பு அதிரடிப்படையை அமைத்தது. காவல் துறையின் படையாக இருந்தபோதிலும் காட்டையும் கும்பலையும் அறிந்த அலுவலர் என்ற வகையில் ஸ்ரீநிவாஸ் அதில் சேர்க்கப்பட்டார். அப்போது அவர் துணை வனப் பாதுகாவலர் நிலையில் இருந்தார்.

கோபிநத்தத்தில்

அதிரடிப்படையின் மற்ற அலுவலர்கள் காட்டில் தேடுதல் நடத்தியபோது, ஸ்ரீநிவாஸ் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார். வீரப்பனின் வலிமை துப்பாக்கியில் இல்லை, அவருக்கு அரிசியும் செய்தியும் கொண்டு செல்லும் ஊர்களில் இருக்கிறது என்பது அவரது கணிப்பு. அந்த ஊர்களை அச்சுறுத்துவதால் பயன் இல்லை என்றும் அவர் கருதினார். எனவே வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்திலேயே முகாமிட்டுத் தங்கினார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட, கன்னட மாநிலத்தின் அலுவலர் ஒருவர் தமிழ் ஊர் ஒன்றில் குடியேறி அங்குள்ளோரின் நம்பிக்கையைப் பெற முயன்றது அக்காலத்தில் அசாதாரணமான செயல்.

ஊருக்குக் குடிநீர், மருத்துவ வசதி, வீடுகள், சாலை ஆகியவற்றைக் கொண்டுவர அவர் முயன்றார். மலையூர்களுக்குச் சென்று மருந்து வழங்கும் ஏற்பாடு ஒன்றையும் செய்தார். ஊர் மக்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டபோது தம் சொந்தப் பணத்தையும் சேர்த்து அதனைக் கட்டிக் கொடுத்தார். கடத்தலில் கூலிகளாக ஈடுபட்டிருந்தவர்களைச் சரணடையச் செய்து, அவர்கள் வேறு வேலை செய்து பிழைக்க வழி தேடினார். கும்பலில் இருந்த சிலர் அவரிடம் வந்து சேர்ந்தனர். இதனால் வீரப்பனுக்கு ஆட்களும் குறைந்தனர், செய்தியும் குறைந்தது. அவரை உண்மையில் நெருக்கியது இந்த முறைதான் என்று பின்னாளில் அதிரடிப்படையின் வரலாற்றை எழுதியோர் பலரும் ஒப்புக்கொள்கின்றனர்.

இம்முறை இந்தியாவில் முன்பு கையாளப்பட்டதுதான். சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர்கள் 1960 இல் வினோபா பாவேயிடமும் 1972 இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனிடமும் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தனர். 1983 இல் பூலான் தேவி மத்தியப் பிரதேச முதலமைச்சர் அர்ஜுன் சிங் முன்னிலையில் ஆயுதங்களை ஒப்படைத்தார். அந்தச் சரணுக்கு வழி செய்தவர் பிண்ட் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ராஜேந்திர சதுர்வேதி. அவர் பள்ளத்தாக்குக்குள் நேரில் சென்று பேசியே அவரை இணங்க வைத்தார். கொள்ளைக்காரரைத் தனியே சென்று சந்திப்பது மடமை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. சம்பலில் அது பலன் தந்தது.

இதே காலப்பகுதியில் வீரப்பனின் தங்கை தற்கொலை செய்துகொண்டார். அவர் ஊரில் நடத்தப்பட்ட மருத்துவப் பணியில் வேலை செய்து வந்தவர். அவரது சாவின் காரணம் பலவாறாகச் சொல்லப்படுகிறது. அதிரடிப்படையைச் சேர்ந்த சிலரின் நடத்தையே காரணம் என்று ஊரில் பேசப்பட்டது. வீரப்பன் அதற்கு ஸ்ரீநிவாசைப் பொறுப்பாக்கினார். அச்சாவில் ஸ்ரீநிவாசுக்குத் தொடர்பு உண்டு என்று எந்த விசாரணையிலும் நிறுவப்படவில்லை. ஆயினும் வீரப்பனின் பகை அன்று முதல் ஒரு துறையின் மீதானதாக இல்லாமல் ஒரு மனிதரின் மீதானதாக மாறியது.

கொலை

1991 நவம்பரில், வீரப்பன் சரணடையத் தயாராக இருப்பதாக அவரது தம்பி அர்ச்சுனன் வழியாக ஸ்ரீநிவாசுக்குச் செய்தி வந்தது. ஸ்ரீநிவாஸ் படையினர் இன்றியும் ஆயுதமின்றியும் வரவேண்டும் என்பது நிபந்தனை. அவர் அதை ஏற்றுக்கொண்டார். பலரைச் சரணடையச் செய்திருந்த அவருக்கு, எஞ்சியிருக்கும் ஒருவரும் வருவார் என்ற எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. ஆயுதத்துடன் சென்றால் அதுவரை ஊர் மக்களிடம் ஈட்டிய நம்பிக்கை பொய்த்துவிடும் என்பதும் அவர் மனத்தில் இருந்திருக்கக் கூடும்.

நவம்பர் 10 ஆம் நாள் கோபிநத்தத்திலிருந்து அர்ச்சுனனுடனும் வேறு சிலருடனும் காட்டுக்குள் நடந்தே சென்றார். சில கிலோமீட்டர் தொலைவு சென்றபின், மறைந்திருந்த வீரப்பனும் கூட்டாளிகளும் அவரைச் சுட்டனர். பின்னர் அவரது தலையை வெட்டி எடுத்துச் சென்றனர். தலையற்ற உடலே வனத்துறைக்குக் கிடைத்தது. தலை சுமார் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே கண்டெடுக்கப்பட்டது. இறக்கும்போது ஸ்ரீநிவாசுக்கு வயது 37.

அர்ச்சுனன் பின்னாளில் காவலில் இருந்தபோது இறந்தார்.

பின்விளைவுகள்

ஸ்ரீநிவாசின் கொலைக்குப் பின் இரு தரப்பிலும் வன்முறை மிகுந்தது. 1992 மே மாதம் வீரப்பனின் கும்பல் ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கிக் காவலர் ஐவரைக் கொன்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14 ஆம் நாள், மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் டி. ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் மேலும் சில காவலர்களும் மீண்யம் அருகே பதுங்கித் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். தகவல் தருபவர் ஒருவரைக் கொண்டு வீரப்பனுக்கு வலை விரித்த அவர்கள், அவரே விரித்த வலையில் சிக்கினர். ஸ்ரீநிவாஸ் ஆயுதமின்றிச் சென்றார், ஹரிகிருஷ்ணா ஆயுதத்துடன் சென்றார். இருவரையும் வீழ்த்தியது இடையில் இருந்தவர் கொண்டுவந்த பொய்ச் செய்தியே. 1993 ஏப்ரல் 9 ஆம் நாள் பாலாறு அருகே நிலக்கண்ணிவெடிகளில் சிக்கிக் காவல் துறையினர், வனத்துறையினர், தகவல் தருவோர் என 22 பேர் இறந்தனர். அக்குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்ற தமிழ்நாட்டுக் காவல் அலுவலர் கோபாலகிருஷ்ணன் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார்.

தமிழ்நாடும் 1993 இல் வால்டர் தேவாரம் தலைமையில் தனது அதிரடிப்படையைக் களமிறக்கியது. கர்நாடகப் படைக்கு சங்கர் பிதரி தலைமையேற்றார். ஊர்களை வென்றெடுக்கும் ஸ்ரீநிவாசின் வழி இதன் பின் பெரும்பாலும் கைவிடப்பட்டது. இரு மாநில மலையூர்களிலும் மக்கள் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் துன்புறுத்தப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. தடா சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் மைசூர்ச் சிறையில் இருந்தனர். 2001 இல் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். தேசிய மனித உரிமை ஆணையம் நியமித்த நீதிபதி சதாசிவா குழு இப்புகார்களை விசாரித்தது. அதன் அடிப்படையில் 2007 இல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது.

சந்தன மரத்தின் பெயரால் வேறோரிடத்திலும் கொடுமை நிகழ்ந்தது. 1992 ஜூன் 20 ஆம் நாள் தருமபுரி மாவட்டம் அரூர் அருகிலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடி ஊரில் சந்தனக் கட்டைகளைத் தேடி வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாயினர். 2011 இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 2023 இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஸ்ரீநிவாஸ் கொல்லப்பட்டு எட்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், அவர் அணிந்த அதே சீருடைக்கு இத்தகைய பெயரும் வந்து சேர்ந்தது என்பதை அக்கால வரலாற்றைப் படிப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

வீரப்பன் 2004 அக்டோபர் 18 ஆம் நாள், க. விஜயகுமார் தலைமையிலான தமிழ்நாடு அதிரடிப்படையினரால் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டுக்குள் சென்று பிடிப்பதற்குப் பதிலாக, நம்பிக்கைக்குரியவராக நடித்த ஒருவர் மூலம் அவரைக் காட்டிலிருந்து வெளியே வரச்செய்தே இது முடிக்கப்பட்டது. அவரது உடல் சேலம் மாவட்டம் மேட்டூர் அருகே மூலக்காட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

விருதும் நினைவும்

1992 சனவரி 26 குடியரசு நாளன்று ஸ்ரீநிவாசுக்குக் கீர்த்தி சக்கரம் அறிவிக்கப்பட்டது. போர்க்களத்துக்கு வெளியே காட்டப்படும் வீரத்திற்கான விருதுகளில் அசோகச் சக்கரத்திற்கு அடுத்த நிலையில் உள்ளது இது. படைவீரர்களே மிகுதியாகப் பெறும் இவ்விருதை வன அலுவலர் ஒருவர் பெற்றது அரிது.

இந்தியாவில் அக்டோபர் 21 காவலர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1959 இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட காவலர்களின் நினைவாக ஏற்பட்டது அந்நாள். காவல் படையில் பணியாற்றியபோதே இறந்தாலும் ஸ்ரீநிவாஸ் காவல் துறையைச் சேர்ந்தவர் அல்லர். வனத்துறையில் பணியின்போது இறந்தோருக்கெனத் தனியாக ஒரு நாள் வெகுகாலம் இல்லை. 2013 முதல் செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1730 இல் இராசத்தானின் கேஜர்லி ஊரில் வன்னி மரங்களை வெட்டவிடாமல் தடுத்து உயிர்நீத்த பிஷ்னோய் மக்களின் நினைவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்நாள். கர்நாடக வனத்துறை ஆண்டுதோறும் அந்நாளில் ஸ்ரீநிவாசையும் நினைவுகூர்கிறது. அது அவரது பிறந்த நாளுக்கு முந்தைய நாள்.

கோபிநத்தம் தற்போது காவிரி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய சுற்றுலா இடங்களுள் ஒன்றாகி உள்ளது. ஊரில் வனத்துறை ஸ்ரீநிவாசுக்கு நினைவிடம் அமைத்துள்ளது. அவர் கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயிலில் ஊர் மக்கள் அவரது படத்தை வைத்துள்ளனர். அங்கே வழிபடுவோரில் அவரிடம் சரணடைந்தவர்களின் குடும்பத்தினரும் வீரப்பனின் உறவினரும் உண்டு.